நெரெய்தாவின் படிப்புக்கு ஞானப்பெற்றோர் தேவை

ஹூரோன், கலிபோர்னியா
மார்ச் 4

என் தங்க மருமகளே,

உனக்குக் கல்யாணம்னு யாராவது சொன்னா பதறாதடி. தப்பு என்னோடது இல்ல, ஊரோடது. நீ இங்க பக்கத்துல இருக்கிற காலேஜ்ல சேரணும்னு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் மைக்கைப் பிடிச்சு, "என் அண்ணன் மகள் நெரெய்தாவுக்கு ஞானப்பெற்றோர் வேணும்! புஸ்தகத்துக்கு ஒருத்தர், பஸ்ஸுக்கு ஒருத்தர், மூக்குக்கண்ணாடிக்கு ஒருத்தர்"னு கேட்டேன். நம்ம ஆளுங்க ஆளுக்கொரு செலவை ஏத்துக்க இப்படித் தனித்தனியா ஞானப்பெற்றோர் தேடுறது எதுக்கு? கல்யாணத்துல கேக்குக்கு, மோதிரத்துக்கு, மேளத்துக்கு! பாதிப் பேருக்கு மேல மிச்சத்தைக் கேக்கவே இல்ல. சாயங்காலமே தையக்கார கிரெசென்சியா அளவு டேப்போட வந்துட்டா. "பொண்ணு வாஷிங்டன்ல இருக்கு"ன்னேன். "உத்தேசமா சொல்லு, இடுப்பு எவ்வளவு?"ங்கிறா. எல்பீடியோவோட அம்மா கண்ணைக் கசக்கிக்கிட்டு, "என் மகனை விட்டுட்டு வேற எவனைப் பார்த்தீங்க?"ன்னு சண்டைக்கு வந்தா. அந்தப் பையன் உன்கூட எப்பவாவது பேசியிருக்கானா?

போன்ல பேசினா உங்கப்பா பக்கத்துலயே நிப்பாரு, அதான் கடுதாசி. மாதக் கடைசிக்குள்ள மனு போடு. உனக்காக ஜெபமாலை சொல்றேன்.

உன் அத்தை எடெல்மிரா

யாகிமா, வாஷிங்டன்
மார்ச் 11

அன்புள்ள அத்தைக்கு,

எல்பீடியோ என்னிடம் பேசியதே இல்லை. ஒருமுறை தர்பூசணி கொடுத்தான்.

கல்யாணச் செய்தி இங்கேயும் வந்துவிட்டது. அப்பா கத்தியதில் ஆப்பிள் கொட்டகையில் வேலையே நின்றுவிட்டது. கல்யாணம் இல்லை, காலேஜ் என்று சொன்னேன். இன்னும் அதிகமாகக் கத்தினார். "இந்த நாட்டுல இருக்கப் பேப்பர் இல்லாதவ பேரை மைக்ல சொல்லுவாளா ஒருத்தி? நாளைக்கே குடியேற்றப் போலீஸ் வந்து கதவைத் தட்டினா உங்க அத்தையா வந்து நிப்பா?" என்றார்.

எனக்கும் கோபம்தான் அத்தை. பத்து வருஷமாக எங்கேயும் என் பெயரைச் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். நீங்கள் ஒரே மூச்சில் ஊருக்கே சொல்லிவிட்டீர்கள். எனக்குப் படிக்க ஆசை இருக்கிறது. ஆனால் அப்பாவை மீறி வரமாட்டேன். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

நெரெய்தா

ஹூரோன்
மார்ச் 24

என் கண்ணு,

உன் கடுதாசியை மாதா காலடியில வச்சு அழுதேன். நீ கோவப்பட்டது நியாயம். இனி உன் பேர் என் வாயில வராது. ஆனா விட முடியலடி. நம்ம கோயில்ல மட்டும் எட்டுப் பிள்ளைங்க, நல்ல மார்க்கு வாங்கிட்டு, யாருகிட்டப் போய்க் கேக்குறதுன்னு பயந்து வீட்ல உக்காந்திருக்கு.

மாரிபெல் தெரியுமில்ல, பேப்பர் இல்லாமலே அந்தக் காலேஜ்ல ரெண்டாம் வருஷம் படிக்கிறவ? "பதாகை எழுதி ஊர்வலம் போவோம் அத்தை"ன்னா. எங்களுக்குத் தெரிஞ்ச ஊர்வலம் ஒண்ணுதான். குவாடலூப்பே மாதாவைத் தோள்ல தூக்கிட்டு, மேளத்தோட காலேஜுக்குப் போனோம். ஏதோ திருவிழான்னு நினைச்சு வாசல் காவலாளி தொப்பியைக் கழட்டிட்டுக் கதவைத் திறந்துட்டான்! மாதாவை நேரா காலேஜ் ஆபீஸ் தலைமை அம்மா மேசையில இறக்கி வச்சோம், தோள் வலிச்சது. அந்த அம்மா பேனாவை எடுக்க இடமில்லாம, "உங்களுக்கு என்ன வேணும்?"னாங்க.

"பேப்பர் இருக்கான்னு கேக்காம, எங்க பாஷையில பேசி மனு போட்டுத் தர ஒரு ஆள்"னேன். "பாக்கலாம்"னாங்க. "பாருங்க, நாங்க உக்காந்திருக்கோம்"னு ஜெபமாலையை ஆரம்பிச்சேன். மாலையில மூணாவது பத்து மணி உருட்டி முடியறதுக்குள்ள ஆள் கிடைச்சாச்சு.

எட்டுப் பிள்ளைங்களும் மனு போட்டாச்சு. ஒன்பதாவதா ஒரு பொண்ணு இருக்கு, வந்தா உதவுங்கன்னு மட்டும் சொன்னேன். பேர் சொல்லல. வர்றதும் வராததும் உன் இஷ்டம். வந்தாலும் வராட்டியும் நீ எனக்கு மகதான்.

உன் அத்தை எடெல்மிரா

உறையை ஒட்டினப்புறம்தான் ஞாபகம் வருது, பிரிச்சு எழுதுறேன்: நேத்து உங்கப்பா கோயிலுக்கே போன் பண்ணினாரு. காலேஜ் வாசல்ல பேப்பர் கேக்குறாங்களான்னு ரெண்டு தடவை கேட்டாரு. காவலாளி தொப்பியைக் கழட்டினான்னேன். அப்புறம், யாகிமாவுலேர்ந்து பொண்ணு தனியா வர்றதுக்கு எந்த பஸ் நல்லதுன்னு கேட்டாரு. உன்கிட்ட இன்னும் சொல்லலைன்னா, தெரியாத மாதிரியே இருடி.