காட்டுமிராண்டிகளின் லாரி

எல்க் நரோஸ், மினசோட்டா
ஜூன் 14, 1997

அன்புள்ள சிக்னே,

கோடை முகாமுக்குப் பஸ் ஏறும்போது, "எல்லாத்தையும் எழுதுடி, ஒண்ணையும் மறைக்காதே" என்றாய். அப்படியே நடந்ததை நடந்தபடி எழுதப்போகிறேன். அது உன் அப்பாவைப் பற்றி இருந்தாலும் சரி, என்னைப் பற்றி இருந்தாலும் சரி.

முதல் செய்தியே உனக்கு நல்லதில்லை. உங்கள் பேஸ்பால் அணியின் பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்ய முடியாது என்று வாஷிங்டன் அரசுப் பதிவு அலுவலகத்திலிருந்து உன் அப்பாவுக்குக் கடிதம் வந்துவிட்டது. 'காட்டுமிராண்டிகள்' என்ற பெயரும், இறகு செருகிப் பல்லிளிக்கும் அந்த முகமும் ஒரு மக்களை இழிவுபடுத்துகின்றனவாம். அந்த மக்கள் நாங்கள்தான், இந்த மண்ணின் பழங்குடிகள். மறுக்கச் சொல்லி நானும் அவர்களுக்கு எழுதியிருந்தேன், அகராதி மேற்கோள்களோடு. அனுப்புவதற்கு முன் ஏரிக்கரையில் உன்னிடம் சொன்னேனே.

வீட்டில் பாராட்டுவார்கள் என்று நினைத்தேன். டெல்மர் மாமா தன் செப்டிக் டேங்க் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எது நல்ல வார்த்தை, எது கெட்ட வார்த்தைன்னு சொல்றதுக்குக் கவர்மெண்டைக் கூப்பிட்டியா? எங்கம்மா நம்ம ஓஜிப்வே பாஷை பேசினான்னு ஸ்கூல்ல சோப்புப் போட்டு வாயைக் கழுவினதும் அதே கவர்மெண்டுதான் புள்ளே."

"அப்போ அந்தப் பேரு இருக்கட்டுங்கிறீங்களா மாமா?"

"இருக்கட்டும்னு நான் எங்க சொன்னேன்? நகரு, தண்ணி தெறிக்கும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோபப்படாமல் பதில் எழுது.

உன் தோழி,
ரோசலின் பெலாஞ்சர்


புனித லூக்கா முகாம்
ஜூன் 21, 1997

ரோசலின்,

அன்புள்ள என்று எழுதி அடித்துவிட்டேன். ஏரிக்கரையில் நீ சொன்னபோது நான் மீனை இழுத்துக்கொண்டிருந்தேன். அதெல்லாம் சொன்னதாகாது.

பதிவு இருந்தால்தான் எங்கள் பெயர் போட்ட தொப்பிகளை விற்கத் தொப்பிக் கம்பெனி ஒப்பந்தம் போடும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் அடுத்த கோடையில் அணியே இருக்காது என்று அப்பா சொன்னது உனக்கும் தெரியும். உங்கள் வீரத்தைக் கௌரவிக்கத்தான் அறுபது வருஷத்துக்கு முன் தாத்தா அந்தப் பெயரை வைத்தார். அப்பா எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். கௌரவித்தால் யாருக்காவது வலிக்குமா?

நான் திரும்பி வந்தால் மைதானத்தில் நம் பெஞ்சில் உன் பக்கத்தில் உட்காருவேனா என்று தெரியவில்லை. இங்கே சாப்பாடும் நன்றாக இல்லை.

சிக்னே டோலஃப்சன்


எல்க் நரோஸ்
ஜூலை 5, 1997

அன்புள்ள சிக்னே, (நான் அடிக்கவில்லை)

இன்று நடந்ததை உனக்கு எழுதாமல் யாருக்கு எழுதுவேன்?

போன வாரம் மாமா என்னிடம், "பதிவு இல்லேன்னா அந்தப் பேரை யாரு வேணாலும் போட்டுக்கலாமா?" என்று கேட்டார். நூலகப் புத்தகத்தைப் பார்த்து, உன் அப்பா வழக்குப் போடலாம், ஆனால் ஜெயிப்பது கஷ்டம் என்று சொன்னேன். "நல்ல புஸ்தகம்" என்றார்.

இன்று ஆட்டத்துக்குக் கூட்டம் வரும் நேரத்தில் மாமாவின் லாரி மைதான வாசலில் வந்து நின்றது. பக்கவாட்டில் பெரிதாக 'காட்டுமிராண்டிகள்' என்று எழுதியிருந்தது. அதே சிவப்பு, அதே பல்லிளிக்கும் முகம். கீழே: 'செப்டிக் டேங்க் சுத்தம் செய்யப்படும்.' கழிவை உறிஞ்சும் குழாய் அந்த முகத்தின் வாயிலிருந்து வந்தது. வெளியூர் அணி அதை உங்கள் ஆட்டக்காரர்களின் வண்டி என்று நினைத்து அருகில் போய்ப் படம் எடுத்துக்கொண்டது. பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியது.

உன் அப்பா டிக்கெட் கூண்டிலிருந்து ஓடி வந்தார்.

"டெல்மர், என்னய்யா இது? எங்க குடும்பத்துப் பேரைக் கக்கூஸ் லாரியில எழுதி வெச்சிருக்கே?"

"உங்க குடும்பத்தைக் கௌரவிக்கத்தான் ஆர்விட்."

"கௌரவமா? ஊரே சிரிக்குது."

"மொதல்ல அப்படித்தான் இருக்கும். அறுபது வருஷம் போனா பழகிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிறகு உன் அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அரசாங்கம் மறுத்தது சரியா என்று இப்போது எனக்கே குழப்பமாக இருக்கிறது. மறுத்தும் அந்தப் பெயர் மைதானத்து விளக்குப் பலகையில் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் மறுக்காமல் இருந்திருந்தால் மாமா லாரியில் எழுதியிருக்க முடியாது. என் அகராதி மேற்கோள்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

நம் பெஞ்சில் உன் இடத்தில் என் பையை வைத்திருந்தேன். யாரையும் உட்கார விடவில்லை.

ரோசலின்


எல்க் நரோஸ், மைதானம்
ஆகஸ்ட் 2, 1997

அன்புள்ள சிக்னே,

உன்னிடமிருந்து பதிலே வரவில்லை. இனி வராது என்றுதான் இருந்தேன்.

இன்று ஆட்டத்தின் நடுவே உன் அப்பா பெஞ்சுக்கு வந்து ஆட்டம் பார்க்கும்போது நாம் கொறிக்கும் சூரியகாந்தி விதை ஒரு பொட்டலத்தை என் பையின் மேல் வைத்தார். "சிக்னே குடுக்கச் சொன்னா. இடத்தையும் பாத்துக்கச் சொன்னா." பிறகு அங்கேயே நின்றார். "எனக்கும் எழுதியிருந்தா. 'டெல்மர் மாமா நம்மளைக் கௌரவிச்சா உங்களுக்கு ஏம்ப்பா வலிக்குது?'ன்னு கேட்டிருக்கா. அதான், நீ அழிச்சா நான் பலகையை அணைக்கிறேன்னு டெல்மர்கிட்ட சொல்லிட்டேன்."

ஆட்டம் முடிந்ததும் அவர் பலகையின் சுவிட்ச் பக்கத்திலும், மாமா பெயின்ட் வாளியோடு லாரி பக்கத்திலும் நின்றார்கள்.

"நீ மொதல்ல அழி டெல்மர்."

"நீ மொதல்ல அணை."

"அழிச்சிட்டு நாளைக்குத் திரும்ப எழுதிட்டா?"

"அணைச்சிட்டு நாளைக்குத் திரும்பப் போட்டுட்டா?"

கடைசியில் இருவரும் என்னை மூன்று வரை எண்ணச் சொன்னார்கள். தொப்பிக் கம்பெனி புதுப் பெயரைக் கேட்டிருக்கிறதாம். மாமா 'லாரிகள்' என்று வைக்கச் சொல்கிறார்; உன் அப்பா யோசிப்பதாகச் சொன்னார், சிரிக்காமல்.

விதையில் பாதியை உனக்காக வைத்திருக்கிறேன். இருட்டில் இதற்கு மேல் எழுத்து தெரியவில்லை. எண்ணி முடித்தேன், மாமா பெயரின் மேல் பெயின்ட் அடித்தார், உன் அப்பா விளக்குகளை அணைத்துவிட்டார்.

ரோசலின்