மஞ்சள் கயிறு கட்டிய கிடா

அக்கா,

வரிசைப்படுத்தாமல் எழுத எனக்கு வராது. எனவே முதலில் பட்டியல்.

1. இன்று காலை வந்த வாசனை.
2. இருபது ஆடுகள், இரண்டு நிறக் கயிறுகள்.
3. நீங்கள் என்னிடம் மறைத்தது.

என் போளூர் வீட்டுப் பரணை ஒழிக்கும்போது, உங்கள் ஆடுகளைப் பற்றி நான் எழுதிய நோட்டு கிடைத்தது. அட்டையைத் திறந்ததும் புங்க எண்ணெய் வாசனை. நடுவில் இரண்டு பக்கங்கள் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக் கிடந்தன. உங்கள் வீட்டு விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன் என்று நினைத்தேன். கிழிந்துவிடுமோ என்று பயந்து பிரிக்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் அதற்கும் சிரித்திருப்பீர்கள். நீங்கள் இறந்த செய்தியே, காரியம் முடிந்து பல நாள் கழித்து, உங்கள் மலைக்கு வண்டி ஓட்டும் நெல்லிவாசல்நாட்டு ஜீப் ஓட்டுநர் சொல்லித்தான் தெரிந்தது.

ஆட்டுச் சொறிக்குத் தடுப்பூசி கண்டுபிடிப்பதுதான் என் வேலையாக இருந்தது. சொறிப்பூச்சி தோலுக்குள் வளை தோண்டி வாழ்வது. ஆய்வகத்தில் அதை வளர்க்க முடியாது. சொறி பிடித்த ஆடுகளின் தோலைச் சுரண்டி, பூச்சிகளைப் பிரித்தெடுத்து, அரைத்த சாற்றிலிருந்து மருந்து செய்தேன். ஓய்வுபெறும் முன் ஒரே ஒரு முறை அதை மலையில் சோதிக்க அனுமதி கிடைத்தது. யாரும் ஆடு தரவில்லை. நீங்கள் தந்தீர்கள்.

பத்து ஆடுகளுக்குத் தடுப்பூசி, சிவப்புக் கயிறு. பத்துக்கு வெறும் உப்புநீர், மஞ்சள் கயிறு. எந்த நிறத்துக்கு எது என்று உங்களிடம் சொல்லவில்லை. மூன்று மாதம் எதற்கும் வேறு வைத்தியம் செய்யக் கூடாது, முற்றினால் என்னைக் கூப்பிடுங்கள் என்றேன்.

"பாதிக்குத் தண்ணி ஊசியா? ஆட்டையே ஏமாத்துறீங்களே டாக்டரே, ஆளுங்கள ஏமாத்த இன்னா நேரம் ஆவும்?" என்றீர்கள். ஆனாலும் ஒவ்வோர் ஆடாக நீங்களே பிடித்துக் கொடுத்தீர்கள்.

வாராவாரம் ஏறி வந்து தோலைத் தடவிப் பார்த்து எழுதினேன். முதல் மாதம் இரண்டு நிறத்திலும் சொறி வந்தது. பிறகு இரண்டிலும் ஆறியது. வித்தியாசமே இல்லை. மருந்து பயன்படாது என்று நானே அறிக்கை எழுதினேன். வேலை அதோடு நின்றது.

ஓய்வுபெற்றபின் ஒரு நாள், உங்கள் வீட்டில் சாமைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னீர்கள். மஞ்சள் கயிறு கட்டியதில் ஒன்று அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடா. தோலில் புண் இருந்தால் சாமிக்கு ஆகாது. அதனால் அதற்குப் புங்க எண்ணெய் பூசியிருக்கிறீர்கள். "ஒண்ணுக்குப் பூசிட்டு வந்தா மத்ததுங்க என் மூஞ்சையே பாத்துகினு நிக்குது. எல்லாத்துக்கும் பூசிட்டேன்."

இரண்டு நிறத்தையும் ஆற்றியது அந்த எண்ணெய்தான் என்றால், என் மருந்து வேலை செய்ததா என்று தெரியவே வழியில்லை. எனக்குக் கோபம் வந்தது. காட்டத் தெரியாமல் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன். நீங்கள் நிறையவே ஊற்றினீர்கள்.

கடைசியாகப் பார்த்தபோது, "இன்னும் அந்த ஊசி வர்ல இல்ல டாக்டரே? என்னாலயா?" என்று கேட்டீர்கள். இல்லை அக்கா என்றேன். உங்கள் மனம் நோகக் கூடாதென்று சொன்ன பொய் அது என்றுதான் இன்று காலை வரை நினைத்திருந்தேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு, ஒட்டிய பக்கங்களை மெதுவாகப் பிரித்தேன். ஐந்தாவது வாரம், என் கையெழுத்து: 'மஞ்சள் 4. கழுத்தில் எண்ணெய். கேட்க வேண்டும்.' எதிர்ப்பக்கம் ஆறாவது வாரம்: 'சிவப்பு 7. எண்ணெய். கேட்க வேண்டும்.' அந்த வரிகளின் மேல் என் விரல் தடம் எண்ணெயாகப் பதிந்திருக்கிறது. கேட்டால் ஆடுகளைத் திருப்பி வாங்கிக்கொள்வீர்களோ என்று பயந்திருப்பேன். இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன், பிறகு மறந்தே போனேன்.

பட்டியலில் மூன்றாவது தவறு, அக்கா. நீங்கள் எதையும் மறைக்கவில்லை. பூசிய ஆடுகளை வாராவாரம் என் கையிலேயே பிடித்துக் கொடுத்தீர்கள். உங்களுக்கு நான் சொன்ன 'இல்லை' உண்மைதான். எனக்குத்தான் அது தெரியாமல் இருந்தது.