ஸ்ரீதரன் அண்ணை சொல்வதற்கு முன்

அன்புள்ள அம்மாவுக்கு,

மொன்றியல் குளிரிலும் நான் நலம். வெள்ளவத்தை வீட்டுப் படிகளில் ஏறி இறங்கும் உங்கள் முழங்கால் எப்படி?

இங்கே இருக்கும் நம் ஊர் ஸ்ரீதரன் அண்ணையின் தொலைபேசி அழைப்பு இந்தக் கடிதத்தை முந்தியிருக்கலாம். அவர் சொல்வது உண்மைதான். சனிக்கிழமை பின்னேரம், என்னோடு களஞ்சியத்தில் பெட்டி கட்டும் பெண்களுடன் மதுக்கடைச் சுற்றுலா போனேன். கொடி பிடித்த வழிகாட்டி ஒருத்தி எங்களை நான்கு பார்களுக்குக் கூட்டிப்போனாள். முதல் பாரின் வாசலிலேயே அண்ணை என்னைக் கண்டுவிட்டார்.

"தங்கச்சி, அம்மாவுக்குத் தெரியுமோ?"

"நானே எழுதிப்போடுறன் அண்ணை," என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மேசைக்குப் பெரிய ஜக்கில் பியர் வந்தது. பழக்கதோஷத்தில் நான் எழுந்து எல்லோருக்கும் ஊற்றினேன். பிறகு, யாருக்குக் குறைகிறது என்று பார்த்தபடி ஜக்கோடு சுவரோரம் நின்றேன். வழிகாட்டி அதை வாங்கி வைத்து, என்னைக் கதிரையில் இருத்தி, எனக்கு ஊற்றித் தந்தாள். கசப்புத்தான். முழுவதையும் குடித்தேன். மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

இங்கே வருகிற யாரிடமாவது மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள். பையில் என் பெயரை உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

மெட்ரோவில் இருந்து எழுதுகிறேன்; இறங்கும் இடம் வந்துவிட்டது. அப்பாவும் மாமாக்களும் சாப்பிட்டு எழும்பும்வரை நீங்களும் அப்படித்தானே சுவரோரம் நிற்பீர்கள்? இதை வாசித்ததும் அப்பாவைத் தேத்தண்ணி போடச் சொல்லுங்கள். நீங்கள் கதிரையில் இருந்து குடியுங்கள்.

உங்கள் மகள்,
கௌரிமலர்