விடியாத செவ்வாய்க்கிழமை

17 டிசம்பர் 1998

வெங்கடேஷ்பாபு இன்று கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மேசைமேல் வைத்தார். ஒரு பெண்ணுக்குப் பொருந்தும் ஜாதகங்களை என் புரோகிராம் தேடி முடிக்க நாற்பது நிமிடம். அதற்குள் பெண்ணின் அப்பா இரண்டு காபி குடித்து, பேப்பரில் டெண்டர் விளம்பரம் வரை படித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

"கிருபாகரன் சார், நீங்க தேடி முடிக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கு வளைகாப்பே முடிஞ்சிரும்."

இது சௌராஷ்ட்ராக் குடும்பங்களுக்கான திருமணத் தகவல் மையம். முதலாளி அவர். பிறகு மச்சினன் கோகுல்நாத்துக்குப் போன் போட்டு அவர்கள் பாஷையில் பேசினார். எனக்குப் புரிந்தது என் பெயர் மட்டும். நான்கு முறை வந்தது. பாராட்டாக இருக்க வாய்ப்பில்லை.

கோகுல்நாத் சென்னையில் ஜாதக சாஃப்ட்வேர் விற்கிறான். தை பிறந்தால் கூட்டம் வரும். அதற்குள் என்னுடையது வேகமாகாவிட்டால் அவனுடையது வரும். நான் போவேன். கல்லூரியை விட்டபின் இது மூன்றாவது வேலை. எம்.எஸ்ஸி. கணிதம், முதல் வகுப்பு. அங்கே கூட வேலை பார்த்த கிளமெண்ட் கேள்விப்பட்டால் சிரிப்பான். சிரிக்கட்டும்.

19 டிசம்பர்

கோளாறு தெரிந்துவிட்டது. ஒன்பதாயிரம் பேரின் பிறந்த நேரத்தையும் படிவத்தில் எழுதியிருந்தபடியே வாக்கியமாக ஏற்றி வைத்திருக்கிறோம். ஒருவர் 'விகாரி ஆண்டு மாசி 14, சூரிய உதயத்திலிருந்து 52 நாழிகை' என்கிறார். இன்னொருவர் '3.5.74, காலை ஏழரை' என்கிறார். யாராவது தேடும்போதெல்லாம் கம்ப்யூட்டர் ஒன்பதாயிரத்தையும் முதலிலிருந்து வாசித்து, ஆங்கிலத் தேதியாகவும் மணியாகவும் மாற்றி, ஒப்பிட்டு, மறந்துவிடுகிறது. அடுத்தவர் வந்தால் மறுபடி. ஒவ்வொரு தோசைக்கும் தனியாக மாவாட்டுகிற ஹோட்டல்.

எழுதியவன் யார்? நான்தான். அன்றைக்கு அவசரப்படுத்தியவர் வெங்கடேஷ்பாபு. இதையும் குறித்து வைக்கிறேன்.

26 டிசம்பர்

எல்லாவற்றையும் ஒரே தடவை மாற்றி, எண்ணாகச் சேமித்துவிட்டேன். ஒரு மூலநாளிலிருந்து எத்தனையாவது நிமிடத்தில் ஒருவர் பிறந்தார் என்பதே அந்த எண். இனி எண்ணோடு எண்ணை ஒப்பிட்டால் போதும். நேற்று முழுவதும் கம்ப்யூட்டர் மாற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நான். வீட்டில் எஸ்தர் பேசவில்லை.

கடைசியில் பேசினாள். "கிறிஸ்மஸ் அன்னைக்கு இந்துக்களுக்கு ஜாதகம் பாத்த ஒரே கிறிஸ்தவன் நீங்கதான். கோயில்ல அண்ணே உங்கள விசாரிச்சாரு."

அண்ணே என்றால் கிளமெண்ட். என் மச்சான். என்ன விசாரித்தான் என்று நான் கேட்கவில்லை.

(உடல்நலமா, வேலையா?)

5 ஜனவரி 1999

அரை நிமிடம்! வெங்கடேஷ்பாபு கடிகாரத்தைக் காதில் வைத்து ஓடுகிறதா என்று பார்த்தார். எல்லோருக்கும் பருத்திப்பால் வந்தது. கோகுல்நாத் சென்னையிலிருந்து வந்திருந்தான். அவன் டம்ளர் அப்படியே ஆறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

இன்னொரு காரியமும் செய்திருக்கிறேன். படிவத்தில் ஜனங்கள் எழுதும் நட்சத்திரத்தைப் புரோகிராம் இனி பார்க்காது. பிறந்த நிமிடம் கையில் இருக்கும்போது சந்திரன் எந்த நட்சத்திரத்தில் நின்றது என்று நானே கணக்குப் போட்டுவிடலாம். அவர்கள் எழுதுவதை எதற்கு நம்ப வேண்டும்?

18 ஜனவரி

ரங்கநாயகி என்று ஒரு அம்மாள். மகள் இந்துப்ரியாவுக்கு வரன் தேடுகிறவர். வாசலிலேயே அவர்கள் பாஷையில் ஆரம்பித்தார். பிறகு எனக்காகத் தமிழுக்கு இறங்கினார்.

"எம்பொண்ணு ரோகிணிய்யா! கார்த்திகைன்னு அடிச்சு அனுப்பியிருக்கீரு. வந்த நல்ல வரன் பொருந்தலன்னு போயிருச்சு. பெத்தவ நானா, உம்ம டப்பாவா?"

"படிவத்துல தேதி பதினாலு, ராத்திரி மூணு மணின்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. அதுக்குக் கார்த்திகைதான் வரும்."

"ஆமா, திங்கக்கெழமை ராத்திரி மூணு மணி."

"பதினாலு திங்கள்னா, ராத்திரி பன்னிரண்டுக்கு மேல பதினஞ்சு, செவ்வாய்க்கிழமைம்மா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "விடியாம எப்பிடிய்யா செவ்வாக்கெழம வரும்?"

காத்திருந்த ஏழெட்டுப் பேரும் தலையாட்டினார்கள். வெங்கடேஷ்பாபுவும்!

பிறகு அவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "கோகுல நாளன்னைக்கு வரச் சொல்லியிருக்கேன் சார். தப்பா வேகமா வாரதுக்கு, சரியா மெதுவா வந்தாத் தேவல."

19 ஜனவரி

விடியாமல் எப்படிச் செவ்வாய்க்கிழமை வரும். அந்தம்மா சொன்னது சரி. கடவுளே, சரிதான்.

20 ஜனவரி

நாழிகைக் கணக்கில் எழுதியவர்களுக்குத் தப்பு வரவில்லை. அது உதயத்தில் தொடங்கி மறு உதயத்தில் முடிகிறது. நாழிகைக்கு 24 நிமிடம் என்று பெருக்கினால் தானாக மறுநாளில் போய் நிற்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்து எழுதியவர்களும் தப்பித்தார்கள். பாதிப் பழசு, பாதிப் புதுசாக எழுதியவர்கள்தான் மாட்டினார்கள்: மணி கடிகாரத்துடையது, நாள் சூரியனுடையது. அவர்களை நான் ஒரு நாள் முன்னதாகவே பிறக்க வைத்துவிட்டேன். நட்சத்திரமும் ஒன்று பின்னால் போய்விட்டது.

யார் எந்தக் கணக்கில் எழுதினார்கள் என்று எப்படித் தெரியும்? நான் தூக்கி எறிந்த நட்சத்திரம்தான் சொல்லும். நள்ளிரவுக்கும் உதயத்துக்கும் இடையில் பிறந்தவர்களை மட்டும் எடு. என் கணக்கும் அவர்கள் எழுதியதும் ஒத்துப்போனால் விடு. ஒன்று பின்தங்கினால் தேதியை ஒரு நாள் தள்ளு. இதுவும் ஒரே தடவை செய்தால் போதும்; வேகம் குறையாது.

செய்தேன். நான் சந்தேகப்பட்ட அத்தனை பேரும் நட்சத்திரத்தைச் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல்.

கோகுல்நாத் வந்தான். அவன் சாஃப்ட்வேரில் இந்துப்ரியாவைப் போட்டார்கள். கார்த்திகை. என்னுடையதில் ரோகிணி. ரங்கநாயகி அம்மாள் அவனிடம் ஏதோ சொன்னார். பாஷை புரியாததற்காக முதன்முறையாக வருந்தினேன்.

வேலை இருக்கிறது. அந்த வரன் வீட்டுக்குப் புது ஜாதகத்தோடு வெங்கடேஷ்பாபுவே போயிருக்கிறார்.

24 ஜனவரி

சாப்பிடும்போது எஸ்தரிடம் கதையைச் சொன்னேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "எங்க அண்ணனும் அப்பிடித்தான். திங்கக்கெழம ராத்திரி ரெண்டு மணின்னு அம்மா சொல்லும்" என்றாள்.



எழுதித்தான் ஆகவேண்டும். கிளமெண்டும் நானும் கல்லூரியில் ஒரே நாளில் சேர்ந்தோம். துறைத்தலைவர் பதவி வயதில் மூத்தவருக்கு என்றார்கள். அவனுக்குச் சான்றிதழில் 1951 ஜூன் 11, திங்கள். எனக்கு 12. ஒரு நாள். அந்த ஒரு நாளுக்காக ராஜினாமா செய்தேன். பதினோரு வருடமாக அவனோடு பேச்சில்லை. இப்போது பார்த்தால் அவனும் பன்னிரண்டுதான்! அந்த ஒரு நாள் கிடையவே கிடையாது!

"இன்னைக்கே போறேன்! முகத்துக்கு நேரா கேக்குறேன்!"

"போங்க. நீங்க எத்தன மணிக்குப் பொறந்தீங்க?"

"சாயந்தரம் நாலு."

அவள் ரசக்கிண்ணத்தை வைத்தாள். "அப்ப எங்க அண்ணன்தான மூப்பு?"

போகவில்லை. ரசம் நன்றாக இருந்தது.

12 ஜூன் 1999

காலையில் கிளமெண்ட் வீட்டுக்குப் போன் செய்தேன். அவனே எடுத்தான்.

"மச்சான், இன்னைக்குத்தான்யா உனக்குப் பிறந்தநாள்."

"நேத்தே கேக் வெட்டிட்டேனே மாப்ள" என்றான். பிறகு, "பாதி மிச்சமிருக்கு. வாரியா?"

இந்துப்ரியாவின் கல்யாணப் பத்திரிகை நேற்று வந்திருந்தது. அதைச் சட்டைப்பையில் எடுத்து வைத்தேன், அவனிடம் காட்ட. எஸ்தர் எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.