லூதர் ப்ரீஸ் அடித்த பந்து

செயிண்ட் லூயிஸ்,
ஆகஸ்ட் 1911

என் பிரியமுள்ள தோராவுக்கு,

நான் நல்ல சுகம். நீயும் குழந்தையும் சுகம்தானே? உன் அம்மாவுக்கு இருமல் நின்றதா?

மே மாதம் நான் எறிந்த பந்து லூதர் ப்ரீஸ் என்கிற மட்டையாளனின் தலையில் பட்டது உனக்குத் தெரியும். அவன் பிழைத்துவிட்டான். ஆனால் அதற்குப் பிறகு மட்டையாளன் உடம்பை ஒட்டி எறிய என் கை மறுத்துவிட்டது. அப்படி எறியாதவனுக்கு இந்தப் பேஸ்பாலில் பிழைப்பில்லை. நீ கவலைப்படுவாய் என்றுதான் இதை இதுவரை எழுதவில்லை.

நேற்று அதே ப்ரீஸ் என் எதிரே வந்து நின்றான். நெற்றியில் தழும்பு. அவனுக்கு எட்டாத தூரத்திலேயே எறிந்துகொண்டிருந்தேன். அவன் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கத்தினான்:

"யோவ் ஹோல்ம், நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா? ஒழுங்கா உள்ள போடுய்யா!"

மைதானமே சிரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவன் உடம்பை ஒட்டி உள்ளே எறிந்தேன். ஒரே அடி, பந்து வேலியைத் தாண்டியது. ஆட்டம் போயிற்று. மைதானத்தைச் சுற்றி ஓடுகிற வழியில் அவன் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினான். தோற்றுவிட்டு நான் அப்படிச் சிரித்ததே இல்லை, தோரா.

எங்கள் அணி மேனேஜரும் திட்டவில்லை. "வெள்ளிக்கிழமையும் நீதான் எறியற, போய்த் தூங்கு" என்றார்.

தோளில் தேய்க்கிற தைலம் தீர்ந்துவிட்டது, அனுப்பு. சட்டைக்குப் பித்தானும் வேண்டும். அப்படியே உன் தலையணை உறை ஒன்றையும் வை. துவைக்க வேண்டாம்.

ரயிலுக்குக் கூப்பிடுகிறார்கள்.

உன்
ஆக்ஸெல்