நடுப் போத்தலின் பின்பக்கம்

1985 ஒக்ரோபர் 22, செவ்வாய்

காலையில் தூறல். ஆயுத பூசைக்கு அப்பாவின் ஆலைக்குப் போனோம். அவல், கடலை, வாழைப்பழம். புதுச் சட்டையில் எண்ணெய்க் கறை.

அப்பா அங்கே மின்பகுதிப் போர்மன். பெரிய மோட்டரின் பிறேக்கரைச் சோதனைக்காகக் கூட்டிலிருந்து வெளியே இழுத்து வைத்திருந்தார்கள். மின்சாரத்தை வெட்டுகிற பெரிய சுவிச். அதில் மூன்று வெள்ளைப் பீங்கான் போத்தல்கள். உள்ளே காற்றே இல்லையாம். மூன்றும் நல்லம் என்று அப்பா நேற்றே சோதித்துச் சொல்லிவிட்டார்.

"வெற்றிடத்திலை சத்தமும் போகாது, அப்பா," என்றேன். விஞ்ஞானப் புத்தகத்தில் படித்தது. அப்பாவுக்குப் பெருமை. கூட வேலை செய்யும் செல்வம் அண்ணையிடம், "கேட்டியோடா?" என்றார்.

எல்லா மோட்டருக்கும் சந்தனம், குங்குமம். பிறேக்கரை மட்டும் மறந்துவிட்டார்கள். பாவமாக இருந்தது. ஒருவரும் பார்க்காத நேரம் நடுப் போத்தலுக்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன். முன்னால் வைத்தால் ஏசுவார்கள், அதனால் பின்பக்கம். கொஞ்சம் வழிந்தது.

24, வியாழன்

நல்ல மழை. அப்பா சாப்பிடவில்லை.

கொழும்பிலிருந்து வந்த இஞ்சினியர் இன்று பிறேக்கருக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்துப் பார்த்தாராம். நடுப் போத்தல் தாங்கவில்லை, சடசடவென்று பொறி பறந்ததாம். "சோதிக்காமலே நல்லம் எண்டு சொல்லியிருக்கிறீர்." எல்லாருக்கும் முன்னால் அப்பாவிடம் சொன்னாராம்.

அம்மா: "உண்மையிலை பார்த்தனீங்கள்தானே?"

"நீயும் கேக்கிறியோ?"

எனக்குப் பொட்டு நினைவு வந்தது. "அப்பா, வெளியிலை ஊத்தை இருந்தாலும் உப்பிடி வருமோ?"

"வரும். ஈர ஊத்தை எண்டால் கட்டாயம் வரும். நான் துடைச்சுப்போட்டுத்தான் பார்த்தனான்."

"பின்பக்கமும்?"

அப்பா என்னையே பார்த்தார். வீட்டுக்கணக்கு இருக்கிறது என்று உள்ளே வந்துவிட்டேன். கணக்கு ஒன்றும் இல்லை.

25, வெள்ளி

விஞ்ஞான பாடத்தில் கை உயர்த்தவில்லை. சுகமில்லையா என்று ரீச்சர் கேட்டா.

பின்னேரம் செல்வம் அண்ணை சிரித்துக்கொண்டே வந்து அம்மாவிடம் சொன்னார். "அக்கா, சங்கதி தெரியுமோ? நடுப் போத்தலுக்குப் பின்னாலை சந்தனம்! காலமை வந்ததும் இவர் நேரை அங்கைதான் பார்த்தவர். 'நான்தான் வைச்சனான்' எண்டு இஞ்சினியருக்கே சொல்லிப்போட்டார். துடைச்சுக் காயவிட்டுத் திருப்பிப் பார்த்தால், போத்தல் கல்லுமாதிரி! இப்ப ஆலையிலை அவருக்கு ஐயர் எண்டுதான் பேர். இஞ்சினியரும் விடேல்லை. 'ஐயரே, மோட்டருக்குக் கலியாணம் எப்ப?' எண்டார்."

அம்மாவுக்குச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. "கோயிலுக்கு வாங்கோ எண்டால் கால் நோகுது எண்டுற ஆள்! பிறேக்கருக்குப் பொட்டோ?"

அப்பாவும் சிரித்தார். என் பக்கம் பார்க்கவில்லை.

நானும் சிரித்தேன். எல்லாரையும் விடச் சத்தமாக. இதை எழுதவே கூசுகிறது.

26, சனி

மழை விட்டுவிட்டது. முற்றம் முழுக்க முருங்கைப் பூ.

அப்பா வேலைக்குப் புறப்படும்போது போத்தல் துடைக்க நூல் உதிராத வெள்ளைத் துணி கேட்டார். அம்மா எழும்பினா. "நீ இரு. பிள்ளை எடுக்கட்டும்."

அலுமாரியைத் திறக்கப் போனேன். அப்பா பின்னால் வந்து நின்று, அம்மாவுக்குக் கேட்காத குரலில்: "கையைக் கழுவிப்போட்டு எடு, பிள்ளை."

கழுவினேன். சவர்க்காரம் போட்டு, இரண்டு தரம். துணியைக் கொடுத்தேன். "அப்பா, நான்..."

படலையில் சைக்கிள் மணி. செல்வம் அண்ணை. "ஐயர்! நேரம் போகுது!"

"ஓம், வாறன்," என்றார் அப்பா, அதுதான் தன் பெயர் என்பதுபோல.