ஓ நெகட்டிவ்

அன்புள்ள தங்கச்சிக்கு,

சலாம். நீ என் எண்ணை பிளாக் செய்துவிட்டதால், உன் ஊரான பத்து பகாட்டுக்கு லாரி ஓட்டும் ரபீக் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இங்கே பெர்மாஸ் ஜெயாவில் ஓயாத மழை. கடையில் கூட்டமில்லை. எனக்கு ஏழு மாதம்.

மூத்தவன் நல்லபடியாகப் பிறந்தான். அடுத்தது வீட்டிலேயே கலைந்தது. என் மாதிரி ரத்தம் உள்ளவர்களுக்கு அப்போதே ஊசி போட வேண்டுமாம். நான் ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. இப்போது என் உடம்பே வயிற்றுப் பிள்ளையின் ரத்தத்தை அழிக்கிறதாம்.

"பிரசவத்துக்கு உங்களுக்கும் நெகட்டிவ் ரத்தம் ரெடியா இருக்கணும். இங்க கிடைக்கிறது கஷ்டம். கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"தங்கச்சி இருக்கு. ஆனா பேச்சுவார்த்தை இல்ல," என்றார் இவர்.

வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கடிதத்தைத் தொடங்கும்போது பிள்ளை அசைந்தது. அதன் பிறகு இல்லை.

வீட்டிலேயே நம் இருவருக்கு மட்டும்தான் ஓ நெகட்டிவ் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொள்வோமே, நினைவிருக்கிறதா?

அன்று நான் பேசியதை நீ மன்னிக்க வேண்டாம். என் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். வந்து கையை மட்டும் நீட்டு.

உன் லாத்தா